வீட்டுக்கு ஒரு கணினி, கணினிக்கு ஒரே கணக்கு: மால்வேர் நுழையும் வழியும் அடைக்கும் வழியும்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆறேழு வருடங்களுக்கு முன்பு வாங்கிய கணினியை வைத்திருக்கும் சென்னை வீடுகளில் இது குழப்பத்தைக் கிளப்பியிருக்கிறது. மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்பது ஒரு கேள்வி. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோமே, அது போதாதா என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் தெரிய வேண்டுமானால், மால்வேர் வீட்டுக் கணினிக்குள் எப்படி வருகிறது, வந்தபின் யாருடைய அதிகாரத்தில் வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்?

விண்டோஸ் போன்ற இயங்குதளத்தில் கோடிக்கணக்கான வரிகள் நிரல் இருக்கிறது. எழுதியவர்கள் கவனிக்காத பிழை எங்காவது இருக்கத்தான் செய்யும். அந்தப் பிழை வழியாக வெளியாள் தன் நிரலை உள்ளே ஓட்ட முடிந்தால் அது பாதுகாப்பு ஓட்டை. அதை அடைக்க நிறுவனம் அனுப்பும் திருத்தம் ‘பேட்ச்’. உங்களுக்குத் தீங்கு செய்யவென்றே எழுதப்பட்ட எந்த நிரலும் மால்வேர். வைரஸ் என்பது அதில் ஒரு வகை மட்டுமே.

பேட்ச் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வானாக்ரை ஒரு பாடம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய இந்த மால்வேர், 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவைப்படவில்லை; நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும், பேட்சைப் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள்தான் பெருமளவில் மாட்டின.

ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-இன் நிலை இதைவிடச் சிக்கலானது. 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொது. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை 11-க்குப் பேட்ச் வரும்போது, பழைய நிரலையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை 10-இல் அடைபடாமல் கிடக்கும். ஆகவே கணினி இன்றைக்கு நன்றாக ஓடுவதை வைத்துப் பாதுகாப்பை எடைபோட முடியாது. மாதம் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. விண்டோஸ் 11-க்கு மாறுவது. இதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கணினிகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: டி.பி.எம். வசதி பிராசஸரிலேயே இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலின் செட்டிங்ஸில், அணைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். ‘உங்கள் கணினி தகுதியில்லை’ என்ற செய்தியைப் பார்த்ததும் புது மெஷினுக்கு விலை கேட்கப் போகாமல், முதலில் இதை ஆன் செய்து பாருங்கள்.

2. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்வது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த இந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரைக்கும். 30 டாலர் கட்டியும் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்தால் கட்டணமின்றியும் சேரலாம். யோசித்து முடிவெடுக்க அவகாசம் தரும் ஏற்பாடு இது. நிரந்தரத் தீர்வாக எடுத்துக்கொள்ள முடியாது.

3. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. பிரவுசிங், மின்னஞ்சல், கடிதம் தட்டுவது, வீடியோ பார்ப்பது, இவ்வளவுதான் தேவை என்றால் பழைய கணினியில் அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் அந்நியமும் இல்லை. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணக்கு எழுதும் டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது.

யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது?

ஓட்டை வழியாகத் தானே நுழையும் மால்வேரைவிட, வீட்டில் இருப்பவரே திறந்து ஓட்டும் மால்வேர்தான் வீட்டுக் கணினிகளுக்கு அன்றாடத் தொல்லை. இங்கேதான் நம் வீடுகளின் பழக்கம் ஒன்று பெரிய வினையாகிறது.

ஹாலில் ஒரு கணினி. அப்பா அதில்தான் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறார், நெட் பேங்கிங் பார்க்கிறார். மகள் கல்லூரி புராஜெக்ட் செய்கிறாள். தம்பி கேம் விளையாடுகிறான். குடும்பத்தின் இருபது வருடப் புகைப்படங்களும் அதில்தான். எல்லோரும் நுழைவது ஒரே விண்டோஸ் கணக்கில். கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தபோது உருவாக்கிய அந்தக் கணக்கு, எதை வேண்டுமானாலும் மாற்றும் உரிமை கொண்ட அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு.

விண்டோஸின் கண்ணில் மனிதர்கள் கிடையாது, கணக்குகள்தான் உண்டு. ஒரு கணக்கில் ஓடும் நிரல் அந்தக் கணக்கால் தொட முடிந்த எல்லாவற்றையும் தொடலாம். தம்பி இறக்கிய கேம் கிராக்கில், அதாவது காசு கட்டாமல் கேமை ஓட்டப் பூட்டை உடைக்கும் நிரலில், மால்வேர் இருந்தால், அது அப்பாவின் அதிகாரத்தோடு ஓடும். அப்பாவின் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, மகளின் புராஜெக்ட், புகைப்படங்கள் எல்லாம் அதன் கைக்குப் போய்விடும்.

உள்ளே வந்தபின் எதைத் தேடுகிறது?

விளம்பரம் காட்டும் மால்வேர் உண்டு, உங்கள் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தயாரிக்கும் மால்வேர் உண்டு. வீட்டைக் கலங்க வைப்பவை வேறு இரண்டு வகை.

முதலாவது ரான்சம்வேர். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கியது ஸ்டாப்-டிஜேவியூ என்ற குடும்பம். இது பெரும்பாலும் கிராக் மென்பொருள் மூலமாகவே பரவியது. எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஓர் ஒட்டு முளைக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு கடிதம் இருக்கும். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 போதும் என்று அதில் எழுதியிருக்கும். போனால் போகட்டும் என்று பணம் கட்டுகிறவர்களுக்கும் கோப்பு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது தகவல் திருடி. இது சத்தமே போடாது. சில நிமிடங்களில் வேலையை முடித்துத் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ரகமும் உண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஓ.டி.பி. இருக்கிறதே, பாஸ்வேர்டு போனால் என்ன’ என்ற நம்பிக்கையை உடைப்பது இதுதான்.

ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்துவிட்டால் மறுநாள் திறக்கும்போது அது பாஸ்வேர்டு கேட்பதில்லை. காரணம், முதல்முறை பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் சரிபார்த்தபின், அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் ‘குக்கி’ என்ற சிறு தரவை வைத்துவிட்டுப் போகிறது. ஈ.சி.ஆர். தீம் பார்க்கில் டிக்கெட் வாங்கியதும் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. அடுத்தடுத்த வாசலில் பட்டையைத்தான் பார்ப்பார்கள், டிக்கெட்டைக் கேட்க மாட்டார்கள். தகவல் திருடி அந்தக் குக்கியை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடுகிறது. திருடன் தன் பிரவுசரில் அதைப் போட்டுக்கொண்டால், ஏற்கெனவே உள்ளே நுழைந்த நீங்களாகவே தெரிவான்.

2023 மார்ச்சில் ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள் கொண்ட லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஓர் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். பிரவுசரில் இருந்த குக்கிகள் போய்விட்டன. கணினிகளைப் பற்றியே பேசும் சேனல் அது. லுமா என்ற இன்னொரு தகவல் திருடியின் கட்டமைப்பை 2025 மே மாதம் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

நுழையும் நான்கு வாசல்கள்

1. கிராக்கும், திருட்டுப் பிரதியை அசல்போலக் காட்டும் ஆக்டிவேட்டரும். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வாசல். இறக்கிய ஜிப் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு குறிப்பு இருக்கும்: முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும், பிறகு ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டவும். ஜிப்புக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டிருப்பார்கள்; ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாதபடி செய்வதுதான் அதன் நோக்கம். கிராக் வேலையும் செய்யும், மென்பொருளும் திறக்கும். கூடவே வந்தது பின்னணியில் தன் காரியத்தைப் பார்க்கும். காவலை நீங்களே அகற்றி, உச்ச அதிகாரத்தையும் நீங்களே கொடுத்தபின் தடுக்க அங்கே எதுவும் மிச்சம் இல்லை. “ஆன்டிவைரஸ் சும்மா காட்டும் சார், ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க” என்று யாராவது சொன்னால் அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள். திருட்டு விண்டோஸ் பிரதிகள் பலவற்றில் அப்டேட்டையும் அணைத்தே வைத்திருப்பார்கள் என்பது கூடுதல் ஆபத்து. ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ், ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் என்று இலவசமாக, நேர்மையாகக் கிடைப்பவை இருக்கின்றன. பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

2. பென் டிரைவ். ஆதார் நகல், ரிசர்வேஷன் டிக்கெட், ஹால் டிக்கெட் எதுவாக இருந்தாலும் பிரின்ட் எடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகிறோம். நாளெல்லாம் நூறு பேரின் பென் டிரைவ் ஏறி இறங்கும் கணினி அது. வீட்டுக்கு வந்து செருகினால் ‘பத்திரம்’ என்ற ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில், மூலையில் குட்டி அம்புக்குறியோடு ஒரு ஷார்ட்கட் நிற்கும். சொடுக்கினால் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. ஆனால் அந்த ஒரு சொடுக்கில் மால்வேரும் ஓடிவிட்டது. உண்மையான ஃபோல்டரை அது மறைத்துவைத்திருக்கிறது. அம்புக்குறியைப் பார்த்தால் சொடுக்காதீர்கள். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் உங்கள் ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதிலும் வராவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். பிரின்ட்டுக்கென்றே ஒரு சின்ன பென் டிரைவை ஒதுக்கி, அன்றைக்குத் தேவையான பி.டி.எஃப். மட்டும் போட்டுக்கொண்டு போய், வந்ததும் திறந்து பார்க்காமல் ஃபார்மட் செய்வது எளிய பழக்கம்.

3. நீங்களே தட்டும் கட்டளை. ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம் நமக்குப் பழகிப்போனது. 2024 முதல் அதன் போலி ஒன்று பரவலாகச் சுற்றுகிறது. டிக் செய்ததும், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்து, கன்ட்ரோலும் வி-யும் அழுத்து, என்டர் தட்டு என்று மூன்று படி சொல்லும். டிக் செய்த நொடியே மால்வேரை இறக்கும் கட்டளை, காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டுக்குப் போயிருக்கும். அந்த மூன்று படியில் அதை ஓட்டுவது நீங்கள். எந்த உண்மையான தளமும் சரிபார்ப்புக்காக விண்டோஸ்-ஆர் அழுத்தச் சொல்லாது. புதுப் படம் இறக்கும் தளங்களில் இத்தகைய பக்கங்களும், ‘உங்கள் பிளேயர் பழசு’ என்ற போலி அறிவிப்புகளும் அடிக்கடி வருகின்றன.

4. இரட்டை வால் கோப்பும் உதவிக்கு வரும் போனும். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பு வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும். பில் டாட் பி.டி.எஃப். டாட் இ.எக்ஸ்.இ. என்ற நிரல், பில் டாட் பி.டி.எஃப். என்றே கண்ணுக்குத் தெரியும். 2000-ஆம் ஆண்டு உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் கையாண்ட அதே தந்திரம் இன்றும் செல்லுபடியாகிறது. வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். இன்னொரு பக்கம், திரை முழுக்கச் சிவப்பில் எச்சரிக்கை காட்டி ஒரு எண்ணுக்கு அழைக்கச் சொல்வார்கள். அழைத்தால் எனிடெஸ்க் போன்ற மென்பொருளைப் போட வைத்துக் கணினியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் போடுவதே இல்லை. பிரவுசரை மூடினால் போதும். மூட முடியாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆன்டிவைரஸ் எவ்வளவு தூரம் காக்கும்?

ஆன்டிவைரஸ் இரண்டு வேலை செய்கிறது: ஏற்கெனவே தெரிந்த மால்வேரின் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, ஓடும் நிரலின் நடத்தை சந்தேகமாக இருந்தால் நிறுத்துவது. இரண்டும் அவசியம். ஆனால் புதிதாக மாற்றி எழுதப்பட்ட மால்வேர் சில மணி நேரமாவது கண்ணில் படாமல் போகும். தகவல் திருடிக்கு அது தாராளம்.

விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் இப்போது நல்ல தரத்தில் இருக்கிறது. அதை அணைக்காமல் வைத்திருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்க விரும்பினால் அதிலும் தப்பில்லை. 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங் நம் சென்னை நிறுவனம்தான். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றின் வேலையில் இன்னொன்று குறுக்கிடும். அப்புறம், கிராக் செய்த ஆன்டிவைரஸைப் போடுவதைவிட எதுவும் போடாமல் இருப்பதே மேல்.

கணக்கைப் பிரிப்பது

மேலே சொன்ன எல்லா வாசல்களுக்கும் சேர்த்துப் பலன் தரும் ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பணச் செலவு இல்லை, அரை மணி நேரம் போதும்.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி. அந்த நெட்வொர்க் உலையின் முக்கிய நெட்வொர்க்கோடு இணையாமல் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நிலையத்தின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் அறிவித்தது. ஒரு பக்கம் விழுந்தாலும் மறுபக்கம் விழாதபடி பிரித்துவைக்கும் இந்த ஏற்பாட்டை வீட்டிலும் செய்யலாம்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ் போய் இப்படிப் பிரியுங்கள்:

1. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. மென்பொருள் நிறுவ மட்டும். இதில் பிரவுசிங் வேண்டாம். பாஸ்வேர்டு பெரியவர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.
2. பணம் சார்ந்த வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, அதாவது ஸ்டாண்டர்டு யூசர். வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி., குடும்பத்தின் முக்கிய மின்னஞ்சல் எல்லாம் இதில்.
3. பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சாதாரணக் கணக்கு. கேம், வீடியோ, புராஜெக்ட் எல்லாம் இதில்.

ஒரு சாதாரணக் கணக்கில் ஓடும் நிரலால் இன்னொருவர் கணக்கின் ஃபோல்டரையோ, பிரவுசர் குக்கியையோ திறக்க முடியாது. கேமோடு வந்த தகவல் திருடி கேம் கணக்கோடு நின்றுவிடும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி எழும்பினால், ‘இது எதற்கு’ என்று பெரியவரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் வரும்; அந்த ஒரு நிமிடத் தாமதமே பல மால்வேர்களைத் தடுத்துவிடும். அடைபடாத ஓட்டை இருந்தால் சில மால்வேர் இந்தச் சுவரையும் தாண்டும். அப்டேட் தவறாமல் போட வேண்டியதற்கு இன்னொரு காரணம் அது.

கூடவே கவனிக்க வேண்டியது ரூட்டர். பொருத்தும்போது இருந்த அட்மின் பாஸ்வேர்டே பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2016-இல் இணையத்தின் பெரும்பகுதியைத் திணறடித்த மிராய் என்ற மால்வேர், அறுபத்துச் சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

பேக்கப்

ரான்சம்வேருக்கு உறுதியான மருந்து, அது தொட முடியாத இடத்தில் இருக்கும் ஒரு நகல். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். மாதம் ஒருமுறை செருகி, நகலெடுத்து, கழற்றிவிடுங்கள். கூகுள் டிரைவ், ஒன் டிரைவ் போன்றவை கணினியோடு தானாக ஒத்திசைவதால் பூட்டப்பட்ட கோப்பும் மேலே ஏறிவிடும். பழைய பதிப்பை மீட்கும் வசதியைக் கெடு முடிவதற்குள் பயன்படுத்த வேண்டும்.

சென்னையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைத் தரைத்தள வீடுகளில் கணினியும், பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்கும் ஒரே தண்ணீரில் மூழ்கின. ஒரு நகலாவது மேல்மாடியிலோ வேறு பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டிலோ இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டால்

இங்கே வரிசை முக்கியம்.

1. இணையத்தைத் துண்டியுங்கள். லேன் வயரை உருவுங்கள், வைஃபையை அணையுங்கள். செருகியிருக்கும் டிஸ்கைக் கழற்றுங்கள்.
2. வேறு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மீட்கும் சாவி அதுதான். பாஸ்வேர்டை மாற்றியதோடு நிற்காமல் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். திருடுபோன குக்கியைச் செல்லாததாக்க வேண்டும். அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடனுக்குப் போய்ச்சேரும்.
3. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க இதில் வாய்ப்பு உண்டு. இணையத்தில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.
4. ரான்சம்வேர் என்றால் மிரட்டல் கடிதத்தைப் படமெடுத்து வையுங்கள். 2016-இல் டச்சுக் காவல் துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை ஏற்றினால் திறக்கும் கருவி இருக்கிறதா என்று சொல்லும். ஸ்டாப்-டிஜேவியூவின் பழைய வகைகள் பலவற்றுக்குக் கருவி உண்டு. இப்போது இல்லாவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னாளில் சாவி வெளியாவதும் உண்டு.
5. டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே ஓடும். ஒளிந்திருப்பவற்றை அதில் பிடிக்கலாம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவிலும் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் மால்வேர் ஓடியிருந்தால் இவற்றோடு நிறுத்தாமல் டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. நிறுவும் பென் டிரைவை வேறொரு சுத்தமான கணினியில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தயாரியுங்கள்.
6. பேக்கப்பிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்ப எடுங்கள். பழைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும், அதில் கிடக்கும் செட்டப் கோப்புகளையும் விட்டுவிடுங்கள். தேவையான மென்பொருளை அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.